ஏழு நாள் மங்கும் நட்சத்திரம்

டாக்டர் எவாரிஸ்தோ லிராவுக்கு மேகத்தைப் பிடிக்காது. முழுநிலவையும் பிடிக்காது, நல்ல இருட்டை வெள்ளையடித்துக் கெடுக்கும் வேலையற்ற விளக்கு என்பார். இவை இரண்டையும்விட மனிதர்களைப் பிடிக்காது. சிலி நாட்டின் எல்கி பள்ளத்தாக்குக்குத் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து, பாயை விரித்து மல்லாந்து படுத்து, பிரபஞ்ச சக்தி உள்ளங்காலில் ஏறுகிறது என்று பரவசப்படுகிறவர்களை அறவே பிடிக்காது. அப்படி வந்த ஓர் அம்மாள் ஒருமுறை அவரிடம் என்ன ராசி என்று கேட்டாள். தான் விஞ்ஞானி என்று லிரா பதில் சொன்னார். அப்படியானால் கன்னி ராசிதான் என்றாள் அவள். அவர் கன்னி ராசிதான். அந்த அம்மாளை அவர் பதினோரு வருடமாக மன்னிக்கவில்லை.

முப்பது வருடம் வானத்தைப் பார்த்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது வரை வானம் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு சிறுகோள் மட்டும் கொஞ்ச நாள் அவர் பெயரில் இருந்தது. அதைச் செக் நாட்டுக்காரர் ஒருவர் இருபது வருடத்துக்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருந்தது தெரிய வந்ததும், பெயர் சத்தமில்லாமல் கைமாறியது. மற்றவர்கள் கண்டுபிடித்தவற்றை லிரா அலட்சியமாகப் பேசுவார். ஒருவன் கண்டுபிடித்தது தற்செயல், இன்னொருவனுடையது அமெரிக்கப் பணம், மூன்றாமவனுடையது மாணவி கண்டுபிடித்தது. உண்மை என்பது பொறுமைசாலிக்கு மட்டுமே முகம் காட்டும் பெருமாட்டி என்று மாணவர்களிடம் சொல்வார். வானம் பொய் சொல்லாது, மனிதன்தான் சொல்வான் என்றும் சொல்வார். இதைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

கடைசியில் அந்தப் பெருமாட்டி மனமிரங்கினாள். செர்ரோ கெப்ராதோ மலையுச்சியில் இருக்கும் ஒரு மீட்டர் தொலைநோக்கி, மார்ச் மாதத்திலிருந்து தினமும் ஒரே நட்சத்திரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த நட்சத்திரம் வானத்தின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அஸ்தமிப்பதே இல்லை. அந்த நட்சத்திரம் ஏழு நாள் நூற்றில் இரண்டு பங்கு மங்கியது. அடுத்த ஏழு நாள் பழையபடி எரிந்தது. மறுபடி ஏழு நாள் மங்கியது. கடற்கரையோரம் லா செரேனாவில் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து, கணினித் திரையில் அந்தக் கோடு படிக்கட்டு போல இறங்கி ஏறுவதைப் பார்த்தபோது லிராவின் கண்கள் கலங்கின. வெங்காயம் இல்லாமல் அவர் கண் கலங்கியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை சிறுகோள் போனபோது.

ஏதோ கிரகம் நட்சத்திரத்தின் குறுக்கே போகிறது என்பது அவர் முடிவு. குறுக்கே போகிற கிரகம் சில மணி நேரம்தான் மறைக்கும், ஏழு நாள் எப்படி மறைக்கும் என்று சகாக்கள் கேட்டார்கள். லிரா கிரகத்துக்கு ஒரு வால் வைத்தார். சுற்றுப்பாதையில் பாதி தூரத்துக்கு நீளும் தூசி வால். செப்டம்பரில் கணக்கு கொஞ்சம் தடுமாறியது. நட்சத்திரம் பதினான்கு நாள் தொடர்ந்து பளிச்சென்று எரிந்து, பிறகு பதினான்கு நாள் தொடர்ந்து மங்கிக் கிடந்தது. அதற்கு இரண்டாவது கிரகம் ஒன்றை வைத்தார். முதல் கிரகத்தை அவ்வப்போது பிடித்து இழுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. அக்டோபர் முதல் நட்சத்திரம் மறுபடி ஒழுங்குக்கு வந்தது. லிரா அதைத் தன் கோட்பாட்டின் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். அவர்கள் பதில் சொல்வதற்குள் பத்திரிகைகளுக்கும் சொன்னார். மலையடிவாரத்தில் இருக்கும் சான் ஹெராசிமோ ஊர் மேயர் கிரிசெல்தா ஒலிவாரெஸ், கிரகத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை ஊருக்குத்தான் என்று கிளம்பிவிட்டாள். முனிசிபல் கவுன்சில் கூடியது. பப்பாளி என்று வைக்க வேண்டும் என மூன்று பேரும், பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையின் பெயரால் மாஸ்கட்டேல் என்று வைக்க வேண்டும் என நான்கு பேரும் வாக்களித்தார்கள். பிஸ்கோ என்ற திராட்சைச் சாராயம் வடிக்கும் கூட்டுறவுச் சங்கம் மறுவாரமே புது லேபிள் அச்சடித்தது. சனிக்கிழமை ஊர்ச் சதுக்கத்தில் விழா. துணை அமைச்சர் வருகிறார். லிரா நாற்பது நிமிடம் பேசப் போகிறார். உரையின் தலைப்பு: நட்சத்திரங்களும் மனிதனின் உண்மைத் தேடலும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வியாழக்கிழமையன்று, தொலைக்காட்சிக்காரர்கள் அவரைத் தொலைநோக்கியின் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் பிடிக்க விரும்பினார்கள். அதனால்தான் மலையேறி வந்தார். அதற்கு முன் எப்போது வந்தார் என்பது அவருக்கே நினைவில்லை. படங்கள் கம்பி வழியே அலுவலகத்துக்கு வந்துவிடும்போது மலைக்கு எதற்குப் போவது? அங்கே தொலைநோக்கியை ஓட்ட இரண்டு ஆபரேட்டர்கள் இருந்தார்கள். ஒருவர் நிபால்தோ தாபியா, மற்றவன் விளாதிமிர் கெயோ. வட சிலியில் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் எல்லாரையும் போல இவர்களும் ஏழு நாள் மேலே, ஏழு நாள் வீட்டில். ஒருவர் இறங்கும்போது மற்றவர் ஏறுவார். லிராவுக்கு இருவரையும் முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரியாது. பொத்தான் அமுக்குகிறவர்கள் என்பார். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் அவர் கையெழுத்துப் போட்ட அறிவிப்பு ஒன்று தொங்கியது: கருவி இயக்குபவர்கள் விஞ்ஞான முடிவுகளில் தலையிடக் கூடாது.

தொலைக்காட்சிக்காரர்கள் காலையிலேயே வந்து, அவரைத் தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இந்தத் தொலைநோக்கியில் கண் வைக்க இடமே கிடையாது, கேமராதான் உண்டு என்று அவர் விளக்கினார். பரவாயில்லை, சும்மா வைத்தது போல நில்லுங்கள் என்றார்கள். உண்மைக்காக வாழ்கிறவர் ஒரு குழாயின் திருகாணியில் கண்ணை வைத்து வியந்து நின்றார். மூன்று தடவை எடுத்தார்கள்.

அவர்கள் போன பிறகு மூன்று மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனார். சமையற்காரி உபர்லிந்தா கசுவேலாவைக் கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தாள். பெரிய மாட்டிறைச்சித் துண்டு, முழு உருளைக்கிழங்கு, சோளக்கதிர்த் துண்டு, பூசணி எல்லாம் மிதக்கும் குழம்பு அது. அறையில் வேறு யாரும் இல்லாததால் லிரா சனிக்கிழமை உரையை அவளிடம் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். சாமானியனுக்கும் புரிகிறதா என்று பார்க்க அவளைவிடச் சாமானியமான ஆள் கிடைக்காது என்பது அவர் எண்ணம். உருளைக்கிழங்குதான் நட்சத்திரம், சோளக்கதிர் கிரகம் என்று கரண்டியால் காட்டினார். கிரகம் முன்னால் வரும்போது ஏழு நாள் மங்கும், விலகியதும் ஏழு நாள் பிரகாசிக்கும் என்றார்.

உபர்லிந்தா கைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வீட்டுக்காரரு மாதிரியே இருக்கே, டாக்டர். ஏழு நாள் சொரங்கத்துல, ஏழு நாள் வீட்ல. அவரு மேல போயிட்டா வீடு பளிச்சுனு இருக்கும். எறங்கி வந்தாருன்னா மங்கிரும்."

லிரா புன்னகைத்தார். எளிய மனங்கள் பிரபஞ்சத்தையும் சமையலறையையும் ஒன்றாகப் பார்ப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. இதை உரையில் ஒரு வேடிக்கையாகச் சேர்க்கலாம் என்றுகூட நினைத்தார்.

"செப்டம்பர் பதினெட்டாந்தேதி சுதந்திரத் திருவிழாவுக்கு என்ன பண்ணுச்சு உங்க நட்சத்திரம்? லீவு போட்டுச்சா?" என்று உபர்லிந்தா விடாமல் கேட்டாள்.

செப்டம்பரில் அது கொஞ்சம் தடுமாறியது என்று லிரா ஒப்புக்கொண்டார். பதினான்கு நாள் சேர்ந்தாற்போல் பிரகாசித்தது, அடுத்த பதினான்கு நாள் சேர்ந்தாற்போல் மங்கியது. இரண்டாவது கிரகத்தின் ஈர்ப்பு.

"அது எதுக்கு ராசா இன்னொரு கெரகம்? ஷிப்ட மாத்தியிருக்கும். நம்ம தோன் நிபால்தோவும் அப்படித்தான செஞ்சாரு. அவரு மக சதுக்கத்துல ஆடறாளேன்னு தன்னோட வாரத்த விளாதிமிருக்குக் குடுத்தாரு. ரெண்டு வாரம் அந்தப் பயலுக்கு நான் வடிச்சுக் கொட்டினேன். பூசணி ஆகாது, வெங்காயம் ஆகாது. அதுக்கப்பறம் தோன் நிபால்தோ ரெண்டு வாரம் ஒரேயடியா இருந்தாரு. அவரு எதப் போட்டாலும் சாப்டுவாரு."

லிராவின் கரண்டி சோளக்கதிரின் மேலேயே நின்றது. உபர்லிந்தா தன் போக்கில் விளாதிமிரின் வயிற்றைப் பற்றி மேலும் சில செய்திகளைச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. குழம்பு ஆறிப் போயிற்று. இறைச்சி வேகவில்லையா என்று அவள் கேட்டதற்கு, வெந்திருக்கிறது, நன்றாகவே வெந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மலையில் இருந்த அலுவலக அறையின் கதவில் ஷிப்ட் அட்டவணை ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை நண்பகல் ஆள் மாறும். மடிக்கணினியில் தன் நட்சத்திரத்தின் கோட்டைத் திறந்து, அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நட்சத்திரமும் செவ்வாய்க்கிழமைதான் மாறியது. மார்ச் முதல் நவம்பர் வரை ஆள் மாறிய ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. நிபால்தோ மேலே இருந்த வாரமெல்லாம் நட்சத்திரம் மங்கியிருந்தது. விளாதிமிர் இருந்த வாரமெல்லாம் எரிந்தது. ஜூலையில் விளாதிமிர் பல்வலி வந்து இரண்டு நாள் முன்னதாக இறங்க, நிபால்தோ ஏறியிருந்தார். கட்டுரையில் அதே இரண்டு நாளை "வால் பகுதியில் அடர்த்தி வேறுபாடு" என்று அவர் எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தை எழுதிய அன்று மாலை தனக்குத்தானே ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் கொண்டாடியது நினைவுக்கு வந்தது.

முந்நூறு ஒளியாண்டு தூரத்தில் எரியும் ஒரு சூரியன் விளாதிமிர் கெயோவின் பல்வலிக்குப் பணிந்து நடப்பது எப்படி? அதை விளக்க மூன்றாவது கிரகம் ஒன்று வைக்கலாமா என்ற எண்ணம் அரை நொடி வந்து போனது. அந்த அரை நொடியை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அலமாரியில் ஆபரேட்டர்களின் குறிப்பேடுகள் இருந்தன. ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் எழுதி வைக்க வேண்டும் என்பது லிராவே போட்ட விதி. படிக்க வேண்டும் என்று யாருக்கும் விதி போடவில்லை. விளாதிமிரின் பக்கங்களில் எல்லா வாரமும் ஒரே இரண்டு சொற்கள்: "புதுசா ஒண்ணுமில்லை." ஒரு பக்கத்தில் மட்டும் கால்பந்து முடிவு. நிபால்தோவின் பக்கங்களில் அச்சடித்தது போன்ற கையெழுத்து. மார்ச் மாதத்தின் முதல் குறிப்பு: "ஃபோகஸ் கூர்மையாக இருக்கும்போது நடுநட்சத்திரம் நிரம்பி வழிகிறது. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் ஒளி வாங்குவது அதிகம். டாக்டர் லிராவின் கவனத்துக்கு." அடுத்த ஷிப்டில்: "மேற்படி." அதற்கடுத்ததில் ஒரு சிறு வரைபடமும், எத்தனை நிமிடம் போதும் என்ற கணக்கும். இப்படிப் பதினேழு ஷிப்ட், பதினேழு குறிப்பு. மே மாதத்திலிருந்து "தயவுசெய்து" என்ற சொல் சேர்ந்தது. ஆகஸ்டில் அது காணாமல் போனது.

விஷயம் லிராவுக்கு உடனே புரிந்தது. முதலாண்டு மாணவனுக்கும் புரியும். கேமராவின் சில்லு என்பது மழையில் வரிசையாக வைத்த டம்ளர்கள் போல. விழுகிற ஒளியை டம்ளர் டம்ளராக அளந்துதான் பிரகாசத்தைச் சொல்வார்கள். டம்ளர் நிரம்பிவிட்டால் மேற்கொண்டு விழுவது வழிந்து கணக்கில் வராமல் போகும். ஃபோகஸ் கூர்மையாக இருந்தால் நட்சத்திரத்தின் ஒளி முழுவதும் நாலைந்து டம்ளரில் கொட்டும், வழியும், நட்சத்திரம் மங்கியது போலத் தெரியும். ஃபோகஸ் கலங்கியிருந்தால் நூறு டம்ளரில் பரவி விழும், ஒரு சொட்டும் வீணாகாது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பக்கத்து நட்சத்திரங்களோ சோனிகள். அவற்றின் டம்ளர் எப்படியும் நிரம்பாது. ஐந்து நிமிடம் என்பதேகூட, மூலையில் இருந்த ஒரு சோனி நட்சத்திரத்துக்காக மார்ச்சில் அவர் வைத்தது. பிறகு குறைக்க மறந்துவிட்டார்.

நிபால்தோ தொலைநோக்கிக் கூண்டுக்கடியில் கேமராவுக்குக் குளிர்த்திரவம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். குட்டையான மனிதர். தடித்த கையுறைக்குள்ளிருந்து புகை போல ஆவி வழிந்தது. லிரா குறிப்பேட்டை நீட்டி, இதையெல்லாம் ஏன் தன்னிடம் நேரில் சொல்லவில்லை என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் அவருக்கு எப்போதும் கைவசம் இருந்தது.

நிபால்தோ ஊற்றி முடித்து மூடியைத் திருகினார்.

"எழுதச் சொன்னீங்க, எழுதினேன் டாக்டர். படிக்கச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்லையே."

ஒரு முறை தொலைபேசியிலும் கூப்பிட்டதாகச் சொன்னார். டாக்டர் கூட்டத்தில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம். இன்னொரு முறை, எழுத்தில் கொடு என்றார்களாம். எழுத்தில்தானே கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த விளாதிமிர்? அவன் ஃபோகஸ் வைக்கிறதே இல்லையா?"

"சாயங்காலம் ஒருதரம் வைப்பான். அப்பறம் குளிர் ஏற ஏறக் குழாய் சுருங்கும், ஃபோகஸ் ஓடிரும். அரைமணிக்கு ஒருதரம் திருப்பணும். அவன் மேட்ச் பாப்பான். ஒங்க நட்சத்திரம் வறுத்த முட்டை மாதிரி பரந்து கெடக்கும்." நிபால்தோ கையுறையைக் கழற்றினார். "சொல்லப்போனா அவன் எடுத்த படந்தான் சரி. நான் ஒழுங்கா வேல செஞ்ச வாரமெல்லாம் தப்பு."

அவர் அதைக் கேலியாகச் சொன்னாரா என்று லிராவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னதும் நிபால்தோதான். இருட்டி ஒரு மணி நேரத்தில் நட்சத்திரத்தைப் பிடித்தார்கள். ஃபோகஸைக் கூராக்கி ஐந்து படம், கலக்கி ஐந்து படம், மறுபடி கூராக்கி ஐந்து படம். ஒன்றரை மணி நேரத்தில் மாஸ்கட்டேல் கிரகம் தன் நீண்ட வாலோடு நட்சத்திரத்தின் முன்னால் வந்து நின்றது, விலகியது, திரும்பி வந்தது. நிபால்தோ ஒரு விரலால் திருகியை அசைத்துக்கொண்டிருந்தார். நான்கு பேர் வாக்களித்துப் பெயர் வைத்த கிரகம் அந்த விரலின் கீழ் நல்ல நாய்க்குட்டி போல வந்து வந்து போயிற்று.

அன்றிரவு லிரா மலையில் தனக்கு ஒதுக்கிய அறையில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வானம் அதன் வழக்கப்படி கூசாமல் நிறைந்து கிடந்தது. முப்பது வருடமாக அதனிடம் கேள்வி கேட்பதாக அவர் நம்பியிருந்தார். கேள்வி கேட்கிறவன் பதிலுக்குக் காது கொடுக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. முந்நூறு வருடம், ஒரு கல்லில்கூட இடறாமல் பயணம் செய்து வந்த ஒளி, கடைசி அங்குலத்தில் அவருடைய அலட்சியத்தில் வழிந்து தரையில் கொட்டியது. மீதியை எண்ணி அவர் கோட்பாடு எழுதினார். வானம் பொய் சொல்லவில்லை என்பது சரிதான். அது ஒன்றுமே சொல்லவில்லை. பேசியதெல்லாம் எவாரிஸ்தோ லிரா. சாந்தியாகோவிலிருந்து வந்து பாயில் படுத்துப் பிரபஞ்ச சக்தி வாங்குகிறவர்களாவது பாய்க்கு வாடகை கொடுத்தார்கள். இவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது.

உண்மையைச் சொல்வதா என்று அவர் யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். ஞாயிற்றுக்கிழமை சொல்லலாமே என்று யோசித்தார். விழா முடியட்டும், துணை அமைச்சர் போகட்டும், ஆய்விதழில் ஓர் ஓரத்தில் திருத்தம் வரட்டும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரே ஒரு சனிக்கிழமை கேட்பது பேராசையா? விடியும்போது, பேராசைதான் என்று முடிவுக்கு வந்தார். அந்த முடிவில் ஒழுக்கத்தைவிடப் பயம் அதிகம். இனி எந்த மாணவனாவது ஒரு ஃபோகஸ் திருகியைத் தொட்டால் போதும், கிரகம் அவிழ்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை ஆய்விதழுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பத்து வரிக்கு மூன்று மணி நேரம் ஆனது. காரணம் என்ற இடத்தில் நிறைய அடித்து எழுதி, கடைசியில் "கருவி சார்ந்த பிழை" என்று வைத்தார். அது உண்மைக்கு வெகு அருகில் இருந்தது. தூரத்துச் சொந்தம் போல.

சனிக்கிழமை நிபால்தோதான் வேனை ஓட்டி அவரைச் சான் ஹெராசிமோவுக்கு இறக்கினார். விழாவுக்கு வருகிறவர்கள் சூரியனைப் பார்க்க வேண்டும் என்று மேயர் கேட்டிருந்ததால், பின் இருக்கையில் ஒரு சிறு தொலைநோக்கியும் வந்தது.

சதுக்கத்தில் பந்தல், கொடி, நகராட்சி பேண்டு, பப்பாளி மிட்டாய்க் கடைகள். கூட்டுறவுச் சங்க மேசையில் மாஸ்கட்டேல் பிஸ்கோ. லேபிளில் வளையத்தோடு ஒரு கிரகம். லிரா வாலைத்தான் சொல்லியிருந்தார்; ஓவியர் வளையம் போட்டிருந்தார். துணை அமைச்சர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, சிலியின் வானம் சிலியின் செம்பைவிடப் பெரிய செல்வம் என்று பேசினார். செம்பைத் தோண்டுகிறவர்கள் கைதட்டினார்கள்.

லிரா எழுந்து ஒலிவாங்கிக்குப் போனார். நாற்பது நிமிட உரையைப் பையிலேயே விட்டுவிட்டு, அரை நிமிடம்தான் பேசினார். கிரகம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அளவீட்டில் கருவி சார்ந்த பிழை இருந்தது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வருந்துகிறேன்.

மேயர் கிரிசெல்தா மெல்ல அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வருட அரசியலில் தோற்ற தேர்தலைக்கூட அவள் மனதால் ஏற்றுக்கொண்டதில்லை.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க கிரகம் இல்லவே இல்லன்னு உறுதியா சொல்லுவீங்களா?"

லிரா வாயைத் திறந்தார். முப்பது வருடப் பயிற்சி அவர் கழுத்தைப் பிடித்தது.

"இருக்குங்கிறதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. இல்லவே இல்லன்னு... அப்படி எந்த நட்சத்திரத்தப் பத்தியும் சொல்ல முடியாதும்மா."

மேயர் ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மாஸ்கட்டேல் இல்லை என்று விஞ்ஞானத்தால் இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை என்று ஊருக்கு அறிவித்தாள். கைதட்டல் பந்தலை ஆட்டியது. துணை அமைச்சர் எழுந்து, பெரிய மனிதர்களின் அடக்கம் இது என்று கண் பனிக்கச் சொல்லி, கொண்டுவந்த பதக்கத்தை வீணாக்காமல் அடக்கத்துக்காக என்று லிராவின் கழுத்தில் போட்டார். புகைப்படம் எடுத்தார்கள். கேவலம் என்னவென்றால், பதக்கம் கனமாக இருந்தது லிராவுக்குப் பிடித்திருந்தது.

அதோடு முடிந்திருந்தால் அவர் வாழ்நாள் முழுக்க அந்த அடக்கத்தைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டிருப்பார். ஆனால் மேயருக்குப் பிழை யாருடையது என்று ஊருக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது. பிழை கருவியில், டாக்டரிடம் இல்லை என்று அழுத்திச் சொன்னாள். கருவியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இனியாவது கவனமாக இருக்க வேண்டும், டிசம்பரில் அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மேலிடம் இதை மனதில் வைக்க வேண்டும் என்றாள். துணை அமைச்சர் தலையாட்டி, உதவியாளரிடம் ஏதோ குறித்துக்கொள்ளச் சொன்னார். ஊரே திரும்பிப் பார்த்தது. ஓரத்தில் சின்னத் தொலைநோக்கியின் பக்கத்தில் நிபால்தோ தாபியா நின்றுகொண்டிருந்தார். அவர் மகளும் மனைவியும் பக்கத்தில் இருந்தார்கள். நிபால்தோ யாரையும் பார்க்காமல், துணியால் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த வில்லை.

லிரா இறங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கருவி சார்ந்த பிழை. மூன்று மணி நேரம் யோசித்துத் தேர்ந்தெடுத்த சொல் அது. யாருக்கும் வலிக்காது என்று நினைத்தார். வலிக்காத ஆள் அவர் ஒருவர்தான் என்பது இப்போது நாலாயிரம் பேர் முன்னால் தெரிந்தது. பையைத் திறந்தார். உரைக்குக் கீழே நிபால்தோவின் குறிப்பேடு இருந்தது. எதற்காக எடுத்து வந்தோம் என்று கேட்டால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஒளித்து வைக்கத்தான் எடுத்து வந்தாரோ என்னவோ.

மறுபடி மேடையேறினார். பிழை கருவியில் இல்லை, தன்னிடம்தான் என்றார். தன்னிடம் பதினேழு தடவை சொல்லியும் தான் படிக்கவில்லை என்றார். மேயர் சிரித்தபடி அவர் முழங்கையைப் பிடித்து, போதும் டாக்டர், இவ்வளவு அடக்கம் உடம்புக்கு ஆகாது என்று காதில் சொன்னாள். பிறகு பேண்டுக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தாள். துணை அமைச்சரின் கையில் பிஸ்கோ கோப்பை வந்தது. டிரம்பெட் எழும்பியது. யாரோ கைக்குட்டையைச் சுழற்றி ஆட ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள்.

லிரா குறிப்பேட்டைத் திறந்து சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். மார்ச் பதினெட்டு: ஃபோகஸ் கூர்மையாக இருக்கும்போது நடுநட்சத்திரம் நிரம்பி வழிகிறது. ஏப்ரல் ஒன்று: மேற்படி. மேடைக்கு முன்னாலிருந்த இரண்டு கிழவர்கள், குடித்திருக்கிறார் என்று தீர்மானித்துப் பரிவோடு தலையசைத்தார்கள். துணை அமைச்சரின் உதவியாளன் மட்டும், என்ன நடக்கிறது என்று புரியாமல், குறித்து வைத்த தாளைக் கையில் பிடித்தபடி இரண்டடி முன்னே வந்தான். இதையும் எழுது என்று லிரா அவனிடம் கத்தினார். நிபால்தோ தாபியா, தா-பி-யா, எட்டு மாதத்தில் பதினேழு முறை. அவன் எழுதினான், எழுதுவதுதான் அவன் வேலை. பேண்டு இன்னும் பலமாக வாசித்தது. பதக்கம் குறிப்பேட்டில் இடித்துக்கொண்டே இருந்ததால் அதைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏப்ரல் பதினைந்து, வரைபடத்துடன். ஏப்ரல் இருபத்தொன்பது. மே பன்னிரண்டு, தயவுசெய்து.

"மே பதிமூணு, டாக்டர்."

நிபால்தோ மேடையின் கீழே வந்து நின்றிருந்தார். கையில் துணி இருந்தது. முகம் எப்போதும் போல ஒழுங்காக இருந்தது.

"பன்னெண்டு திங்கக்கெழம. நான் செவ்வாதான எறங்குவேன்."

லிரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். பதிமூன்றுதான். மே பதிமூன்று என்று திருத்திச் சொன்னார். உதவியாளன் அடித்து எழுதினான். பிறகு அவர் அடுத்த குறிப்புக்குப் போனார்.